கண்டல் மரத்தில் கிடந்த தொப்பி

மாலை ஐந்தரை மணி. டச்பார் வீதி... வீதி என்று சொல்லத்தான். சுனாமியில் கடல் வந்து போய் மூன்று மாதம். இரண்டு பக்கமும் சுவரில்லாத கதவு நிலைகள், கிணற்றுக் கட்டுகள், சாய்ந்த தென்னைகள். குரைக்க ஒரு நாய்கூட இல்லை. அந்த வழியில் தனியே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர் அழகரத்தினம். நம்மோடு வேலை செய்கிற ரதீஸின் தாய்மாமன்.

புளியந்தீவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். கலியாணம் கட்டவில்லை. அவருக்கிருந்த ஒரே பித்து, பழைய காலத்து ஆம்பிளைத் தொப்பிகள். துரைமார் போட்ட சோலாத் தொப்பி, பறங்கியர் வீட்டுக் கலியாணங்களில் போட்ட உயரக் கறுப்புத் தொப்பி, வைக்கோல் தொப்பி... பதினாறு இருந்தன. அலுமாரியில் பூட்டி வைக்கிற ஆளில்லை. நாளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டுதான் மீன் வாங்கவே போவார்.

அன்றைக்கு வாவிக்கரைக் கண்டல் மரத்தில் ஒரு தொப்பி மாட்டிக் கிடந்தது. மண்ணிற ஃபெல்ட் தொப்பி. உப்புத் தண்ணீரில் ஊறி, மூன்று மாத மழையும் வெயிலும் பட்டும் மடிப்புக் குலையவில்லை. யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். எடுத்துப் பைக்குள் வைத்தார். வீட்டில் கேத்தல் ஆவியில் காட்டி, விளிம்பை நீவி நிமிர்த்தினார்.

அடுத்த கிழமை ஸ்டூடியோவுக்கு மேர்லின் என்றொரு பெண் வந்தாள். டச்பார்க்காரி. புருஷன் ஜொய்சனும் ஐந்து வயது மகள் ஷெரினும் கடலோடு போய்விட்டார்கள். சொந்தக்காரர் வீட்டில் தப்பியிருந்த ஒரு சின்னப் படத்தைப் பெரிதாக்கித் தரக் கேட்டாள். படத்தில் தகப்பனின் வலது கையைப் பிடித்தபடி பிள்ளை நிற்கிறது. தகப்பனின் தலையில் அதே தொப்பி.

"ஒரு செருப்புக்கூடக் கிடைக்கல்ல அண்ணன். அவங்கட எண்டு கையில வச்சிருக்க ஒண்ணுமில்ல."

தொப்பி பின்னறை ஆணியில் தொங்கியது. பத்தடி தூரம். அழகரத்தினம் படத்தை வாங்கி, எந்த அளவு வேணும் என்று மட்டும் கேட்டார்.

படத்தை அவள் வாங்கிப் போன பிறகுதான் அதைப் போட்டுப் பார்த்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. அப்படியே கல்லடிப் பாலத்துக்கு நடந்தார். பாதிப் பாலத்தில் காற்று நின்றது. சேற்று நாற்றம்... அழுகிய பாசி நாற்றம். பின்னால் வெறுங்கால் சத்தம். சப்... சப்... சப்.

அவருடைய வலது கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது.

குளிர்ந்து, ஈரமாக, விரல்நுனிகள் சுருங்கியிருந்தன. குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. தொப்பியைக் கழற்றி எறியப் போனார். பிடி இறுகியது. ஓடினார். சப்சப்பென்று அதுவும் கூடவே ஓடியது.

அன்று பிடித்த கை விடவேயில்லை. படுத்தால் வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கும். கீழே தரை நனைந்திருக்கும். கோயிலில் நூல் கட்டினார், மாதா சுரூபத்தின் முன் மெழுகுதிரி கொளுத்தினார். ஒருமுறை சோதனைச் சாவடியில் கையைத் தூக்கச் சொன்னார்கள். வலது கை எழும்பவில்லை. ஆமிக்காரன் வந்து பிடித்து இழுத்தான். இழுத்தவன் சட்டென்று விட்டுவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தான். காற்சட்டையில் துடைத்தான்... துடைத்துக்கொண்டே நின்றான். பிறகு முகத்தைப் பார்க்காமல் போகச் சொல்லிக் கை காட்டினான்.

இப்படி நாலு வருசம். சண்டை முடிந்ததென்று ரேடியோ சொன்ன அன்று டவுனில் வெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் அந்தக் கை நடுங்கியது. நகம் அவர் தோலுக்குள் இறங்கியது. பிள்ளை பயப்படுகிறது. அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு, திராய்மடுவில் மேர்லினுக்குக் கிடைத்திருந்த வீட்டுக்குப் போனார். ஒன்றும் மறைக்காமல் சொன்னார்.

அவள் ஏசவில்லை. அவருடைய கையைத் தொட்டாள். விரல்களுக்குக் கீழே காற்றில் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் அவள் கை நின்றது.

"வளந்திரிக்காள்," என்றாள்.

எழும்பித் தொப்பியை அவர் தலையில் வைத்தாள். கதவுக்குக் கொண்டி போட்டாள்.

"அப்பாட தொப்பிய நம்பித்தான் புள்ள வந்திரிக்காள். இனிக் கழட்டாதீங்க. போகவும் வேணாம்."

இரண்டு தடவை அவர் தப்பிப் போகப் பார்த்தார். மேர்லின் ஓடி வரவில்லை. வேலிப் படலையடியில் நின்று, சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதுபோல ஷெரின் என்று ஒருதரம் கூப்பிட்டாள். வலது கை அவரைத் திருப்பி இழுத்து வந்தது. அதோடு ஸ்டூடியோவுக்குப் பூட்டு. மற்றப் பதினாறு தொப்பிகளையும் கறையான் தின்றது. ஒவ்வொரு டிசம்பர் நத்தாருக்கும் மேர்லின் கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். கோடு ஏறிக்கொண்டே வந்தது. தாழத் தொங்கிய அவருடைய கையும் வருசத்துக்கு வருசம் முழங்கையில் மடிந்து உயர்ந்தது.

ரதீஸ் போய்ப் பார்த்தது 2017இல். எட்டுக் கோடு. கடைசிக் கோடு அவனுடைய தோளுக்கு வந்தது. மாமா வீட்டுக்குள்ளும் தொப்பியோடுதான் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு வெறுங்கதிரை. மேர்லின் தேத்தண்ணி கொண்டு வந்தாள். நாலு கோப்பை. ரதீஸுக்கு எத்தனை வயசென்று கேட்டாள். இருபத்தேழு என்றான். கலியாணம் பேசியாயிற்றா என்று கேட்டாள். இல்லை என்றான். அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா நிலத்தைப் பார்த்தார்.

பொழுது பட முதல் ரதீஸ் எழும்பினான். மாமா படலை வரைக்கும் கூட வந்தார்.

"ஷெரின் உனக்கு மச்சாள் முறைதானே மனே," என்றார். "கையக் கொஞ்சம் தா."

போய்வருகிறேன் என்று சொல்லத்தான் கை கேட்கிறார் என்று அவனும் நீட்டினான்.

மாமா இப்போது நல்ல சுகம். ஸ்டூடியோவைத் திறந்துவிட்டார், இரண்டு கையாலும் கமெரா பிடிக்கிறார். தலையில் ஒன்றும் போடுவதில்லை. இந்தக் கதையைச் சொல்ல ரதீஸைத்தான் இன்றைக்கும் வரச் சொன்னோம், வரவில்லை. கந்தோரில் பக்கத்து மேசைக்காரன் சொல்கிறான்... அவன் கொஞ்ச நாளாக இடது கையால்தான் சோறு பிசைகிறானாம்.