பன்னிக்குட்டிகள் குடித்த மாவு

– மெல்லப் பேசு வேரோ. ஆட்ரி உள்ள தூங்குறா. அந்த மாவுக்கு இப்ப என்ன வந்துச்சு?

– அது வந்துக்கா... ஆட்ரிக்குக் குடுக்க ஆரம்பிச்சிட்டியா இல்லையா? அத மட்டும் முதல்ல சொல்லு.

– மூணு வாரமாச்சு. நீதானே நீ வேலை பாக்குற பன்னி ஆராய்ச்சிப் பண்ணையிலேருந்து டின்னத் தூக்கிட்டு ஓடியாந்த? “கத்தரின் அக்கா, இதக் குடிச்ச குட்டிங்க பயமில்லாம திரியுதாம்”னு குதிச்ச. இப்ப பாலோவுலேருந்து செனாய் வரைக்கும் மோட்டார்ல வந்து, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற. உக்காரு முதல்ல.

– உக்கார முடியலக்கா.

– வேரோ, அதுல ஏதும் கெட்டது இருக்கா? சேசுவே, புள்ள வயித்துக்குள்ள போயிருக்கு லா.

– கெட்டதெல்லாம் இல்ல. மாதா மேல சத்தியமா. பால் மாவு, அதுல ஏதோ நல்ல கிருமி சேத்திருக்காங்க. மனுசங்க குடிக்கிறதுதான். எங்களுக்கும் ஆளுக்கு ஒரு டின் குடுத்தாங்க.

– அப்புறம் எதுக்கு என் உசுர எடுக்குற? வந்து அவளப் பாரு. பதினஞ்சு வயசுப் புள்ள, ஸ்கூல் பேரச் சொன்னாலே வாந்தி எடுத்தா. தட்ட ரூம் வாசல்ல வச்சாத்தான் எடுத்துக்குவா. எனக்கே மெசேஜ்லதான் பதில் போடுவா. இப்ப தலைக்குக் குளிக்கிறா, என்கூட உக்காந்து சாப்பிடுறா. நேத்து கீழ கடைக்கு வந்து, ரொட்டி சானாய் வேணும்னு அவளே வாயத் தொறந்து கேட்டா. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்னு அழுதுட்டேன். எல்லாம் உன் மாவு செஞ்ச புண்ணியம்.

– மாவு இல்லக்கா.

– என்ன இல்ல?

– அந்த மாவு பன்னிக்குட்டிங்களுக்கு ஏதாவது செஞ்சுச்சான்னே இப்ப யாருக்கும் தெரியாது. நான் கெடுத்துட்டேன்.

– புரியிற மாதிரி சொல்லு. நான் பேக்டரியில கம்ப்யூட்டர் சிப்பு ஒட்டுறவ. புள்ளைங்க மூளைக்கு நல்லதான்னு பாக்க எதுக்குப் பன்னின்னே எனக்கு இன்னும் பிடிபடல.

– பன்னி மூளை நம்ம புள்ளைங்க மூளை மாதிரியே மடிஞ்சு மடிஞ்சு இருக்குமாம். வளர்றதும் கிட்டத்தட்ட அப்படித்தானாம். எலியில அது வராதாம். அதான் குட்டிங்கள தாய்கிட்டேருந்து சீக்கிரமே பிரிச்சு, ரெண்டு கூண்டுல விட்டாங்க. ஒரு கூண்டுக்கு மாவு, இன்னொண்ணுக்கு வெறும் பால். எதுக்கு எதுன்னு எங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. கொஞ்ச நாள் கழிச்சு ஒவ்வொண்ணா காலி ரூம்ல விட்டு, நடுவுல ஒரு ஆரஞ்சுக் கூம்ப வைப்பாங்க, ரோடு வேலையில வைப்பாங்களே, அது. மேல கேமரா. பயந்த குட்டி செவத்தோட ஒட்டிக்கிட்டுக் கத்தும். பயம் விட்டது கிட்டப் போய் மூக்கால முட்டும்.

– அதான் சொன்னியே, மாவு குடிச்சதெல்லாம் முட்டுச்சுன்னு.

– அப்படித்தான் அவங்க சொன்னாங்கக்கா, எந்தக் கூண்டுன்னு மட்டும் சொல்லல. ஆனா பிரிச்ச புதுசுல அதுங்க தாயத் தேடிக் கத்துன கத்து இருக்கே, என்னால தாங்க முடியல. என் கூண்டக் கழுவி முடிச்சதும் உள்ளயே உக்காந்துக்குவேன். ஒண்ணு மேல ஒண்ணா மடியில ஏறிப் படுக்கும். வாய்க்கு வந்தத பாடுவேன், தூங்கிடும். தெனமும் அப்படித்தான். இன்னொரு கூண்டு என்கூட வேலை செய்ற வாலண்டைன் பாக்குறது. அவன் கழுவுவான், போய்டுவான்.

– பாவம் பாத்திருக்க. அதுல என்ன தப்பு?

– என் கூண்டுதான் மாவுக் கூண்டு. நேத்துதான் அதச் சொன்னாங்க. அதுங்களுக்குப் பயம் தெளிஞ்சது மாவாலயா, நான் கூட இருந்ததாலயா? இனிமே எப்படிப் பிரிச்சுப் பாக்குறது? ராத்திரி பூரா தூக்கமில்ல. காலையில ஆராய்ச்சிய நடத்துற டாக்டர் லிம்கிட்ட போய்ச் சொல்லிட்டேன். அவர் திட்டக்கூட இல்ல. எல்லாத்தையும் முதல்லேருந்து செய்யணும்னு மட்டும் சொன்னாரு. அங்கேருந்து நேரா இங்கதான் வர்றேன்.

– சரி, பன்னி கதை பன்னியோட போகட்டும். என் புள்ள தெளிஞ்சிருக்காளே, அதுக்கு என்ன சொல்ற? அவள மடியில போட்டு நீயா பாடுன?

– நான் பாடல. நீ எப்பலேருந்துக்கா வீட்ல இருக்க?

– டின்னு வந்த நாள்லேருந்து. ஒத்துக்குதான்னு கூட இருந்து பாருன்னு நீதானே சொன்ன? சம்பளமில்லா லீவு போட்டேன். இந்த டின்னு தீர்ற வரைக்கும் அம்மா எங்கயும் போக மாட்டேன்னு அவகிட்டயும் சொல்லி வச்சேன்.

– அதுக்கு முன்னாடி?

– தெரியாத மாதிரி கேக்குற. விடியறதுக்கு முன்ன சிங்கப்பூருக்கு மோட்டார எடுத்தா, எல்லைப் பாலத்துல ஜாம், வேலை, ஓவர்டைம், திரும்ப ஜாம். வந்து பாத்தா அவ ரூம் லைட்டு அணைஞ்சிருக்கும். உன் மாமா லாரியோட எங்கயாவது வடக்க கெடப்பாரு. இதெல்லாம் எதுக்கு இப்ப?

– அக்கா, அவளுக்கும் அந்தக் குட்டிங்களுக்கும்...

– சொல்லாத வேரோ. நீ என்ன சொல்ல வர்றன்னு புரியாத மக்கு இல்ல நான். திங்கக்கிழம நான் வேலைக்குத் திரும்பணும். சூப்பர்வைசர் ரெண்டு தடவ கூப்பிட்டுட்டான், போகலன்னா வேற ஆளப் போட்டுடுவான். அந்த வேலை இல்லாம இந்த வீடு நிக்காது. அதனால அது மாவுதான். எனக்கு அது மாவாத்தான் இருக்கணும். புரியுதா?

– புரியுதுக்கா. நீ போனதும் அவ மறுபடி கதவ சாத்திக்கிட்டா என்ன பண்ணுவ?

– சாத்த மாட்டா. மாவ நேரத்துக்குக் கலக்கிக் குடிச்சா போதும். இத்தன நாளும் அவளேதான கலக்கிக்கிறா, நான் ஒரு நாள்கூட ஞாபகப்படுத்தல.

– டின்ன எடு, பாப்போம். அலமாக், என்னக்கா இவ்ளோ கனமா இருக்கு?

– கொண்டா இப்படி. என்ன இது, மாவு ஒரு கரண்டிகூடக் குறையாம அப்படியே இருக்கு. ஆட்ரி? எப்பம்மா எந்திரிச்ச? எவ்ளோ நேரமா கதவுகிட்ட நிக்கிற?

– சித்தியத் திட்டாதீங்கம்மா. டின்னு தீந்தா நீங்க போய்டுவீங்கல்ல. அதான் ஒரு நாளும் நான் அதத் தொடவே இல்ல.