செடலன்று அலகைப் பிடுங்கியது பற்றி

எனது பெயர் லோகநாயகி, வயது 39, கணவர் பெயர் சிங்காரம். கடலூர் முதுநகரை அடுத்த மீனவர் குப்பத்தில் மாரியம்மன் கோயில் தெருவில் குடியிருந்து மீன் வியாபாரம் செய்து வருகிறேன். 2010ஆம் ஆண்டு மாரியம்மனுக்கு அலகு குத்தி நேர்த்திக்கடன் செலுத்தும் ஆடிச் செடல் திருவிழாவில் நான் அலகைப் பிடுங்கிக்கொண்டு ஓடி ஊர்வலத்தைக் கெடுத்ததாக விழாக்குழு கொடுத்த புகாரின் பேரில் காவல் நிலையத்துக்கு விசாரணைக்கு வந்துள்ளேன். பிடுங்கியது உண்மை. ஓடியதும் உண்மை. கெடுத்தேன் என்பது பொய்.

சென்ற தை மாதம் வலை இழுக்கும்போது என் கணவருக்கு மாரடைப்பு வந்து, சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அதன் பிறகு டாக்டர் அனுப்பிரியா, ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் என்ற இரண்டு மாத்திரைகளையும் தினமும் சாப்பிட வேண்டும், பல் பிடுங்குவதானால்கூட முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும், தன்னைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்று எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். என் கணவர் பிழைத்ததற்காக அலகு குத்துவதாக வேண்டிக்கொண்டார். இந்த வருடம் பால்குடம் எடுத்தால் போதும் என்று நான் சொன்னதற்குத் தலையை ஆட்டினார். நானும் நம்பினேன்.

செடலன்று ஊர்வலத்தில் பார்த்தால், வாயைத் திறந்துகொண்டு அலகுக்கு நிற்கிறார். அலகில் எலுமிச்சம்பழம் குத்திக்கொண்டிருந்தவன் என் தம்பி கலியபெருமாள். அலகு குத்தும்போது ரத்தம் வந்தால் விரதத்தில் குறை என்று எங்கள் ஊரில் பேசுவார்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தம் நிற்காது, குறையாகிவிடும் என்று சொல்லித் தடுக்கப் போனேன். அதற்கு அவன் பெருமையாக, “பயப்படாதக்கா, காப்பு கட்டுனதுலேருந்து மாமா மாத்திரையே போடல. ஒரு சொட்டு ரத்தம் வராது” என்றான். தினமும் மாத்திரையைக் கையில் கொடுத்தவள் நான். அவர் அதை வாயில் போடாமல் வேட்டி மடியில் முடிந்திருக்கிறார். அலகைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

அதன் பிறகு நடந்தது என் தவறு அல்ல. எனக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்து மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். எங்கள் தெரு இருசம்மாள் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றி, “ஆத்தா, எம்மவளுக்கு எப்ப கல்யாணம்னு சொல்லு” என்று காலில் விழுந்தார். நான் சாமி வந்ததாக நடித்தேன் என்று புகாரில் உள்ளது. நான் நடிக்கவில்லை, அவர்களாக நினைத்தார்கள். அந்த நேரத்தில் நான் மறுக்கவும் இல்லை. வழி விட்டார்கள், நேராக மைக் செட் இருந்த மேடையில் ஏறி, செல்போனில் டாக்டரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டு மைக்கிடம் பிடித்தேன்.

ஊர் முழுவதும் டாக்டர் குரல் கேட்டது. “யாரக் கேட்டு நிறுத்துனீங்க? ஸ்டென்ட்ல ரத்தம் கட்டுச்சுன்னா மறுபடியும் அட்டாக் வரும், உயிரே போயிடும். எதையும் குத்தாதீங்க. விட்டுப்போனதுக்கெல்லாம் சேத்து மொத்தமா மாத்திரை போட்டுடாதீங்க. உடனே இங்க கூட்டிட்டு வாங்க!”

மேளம் நின்றது. என் கணவர் திறந்த வாயை மூடவில்லை. கலியபெருமாள் அழுதுகொண்டே, “வா மாமா, போலாம்” என்று அவரைத் தூக்காத குறையாக வேனில் ஏற்றினான். சிதம்பரம் போய்ச் சேரும்வரை அவர் நெஞ்சிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. அங்கே ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, அடைப்பு எதுவும் தெரியவில்லை என்று டாக்டர் சொல்லி, மாத்திரையைத் தன் எதிரிலேயே மீண்டும் தொடங்க வைத்தார். நான் சந்தோஷத்தில் கத்திய கத்தலில் நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

அலகைக் கோயிலில் ஒப்படைத்துவிட்டேன். மாரியம்மனிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். விழாக்குழுவிடம் கேட்க மாட்டேன். “ஊர்ல எம்மானத்த வாங்கிட்டா” என்று என் கணவர் நிலைய வாசலில் நின்று என்னைத் திட்டுவது, இதை எழுதும் ஐயாவுக்கும் கேட்கிறது. திட்டட்டும். திட்டுவதற்கு அவர் இருக்கிறார்.

நான் சொன்னதைச் சொன்னபடி எழுதிப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நடந்தது நடந்தபடியே உள்ளது. யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சி. லோகநாயகி