பாதிப் படத்துக்கு மாலை

சண்டை முடிந்த வருஷம். நார்த்தாமலையில் ஏறிய தம்பதி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். அம்மாள் மடியில் துணி சுற்றிய கண்ணாடிப் படம்.

"மாலையப் பாதிப் படத்துக்கு மட்டும் போடுவாங்களான்னு கேளுங்க," என்றார்.

"என்ன பேசுற நீ? பர்மாவுல செத்த பையங்களுக்குப் பள்ளிக்கூடத்துல மரியாதை பண்றாங்க. எல்லாப் படத்துக்கும் முழுசாத்தான் போடுவாங்க."

"செத்தது சின்னவன்தானே. பெரியவனும்ல இதுல நிக்கிறான். அவன் இன்னும் வீடு வந்து சேரல."

"சின்னவனுக்குத் தனிப் படம் ஏது? பட்டாளத்துல சேந்த அன்னைக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான திருச்சியில எடுத்துக்கிட்டாங்க."

"அதுக்காக உசுரோட இருக்கிறவன் மேல மாலை விழலாமாங்க?"

கீரனூரில் பஸ் நின்றதும் கணவர் எழுந்தார்.

"வா. இங்க கண்ணாடி போடுற கடையில குடுத்து, படத்த நடுவுல வெட்டிருவோம்."

அம்மாள் எழவில்லை. துணியை விலக்கிப் படத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"பெரியவன் தம்பி தோள்ல கையப் போட்டிருக்கான். எங்கிட்டு வெட்டச் சொல்றீங்க?"