ஹன்சோலின் இடது முழங்கால்

இந்தக் காபி தேவலை, தம்பி. எங்கள் ஊர் சொக்சோ கடைத்தெருவில் இவ்வளவு பால் விடமாட்டார்கள். நான் சொல்வதை நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள். கடையைப் பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

ஹன்சோலுக்கு இருபத்தொரு வயது. எனக்கு ஒரே பிள்ளை. அவன் அப்பாவைக் கடல் கொண்டுபோகவில்லை, வேறொருத்தியின் வீடு கொண்டுபோனது. கிம்ச்சி ஊறுகாயும் கருவாட்டுப் பொரியலும் விற்று நான்தான் வளர்த்தேன். ஆண்பிள்ளை என்றால் சட்டப்படி கொஞ்ச காலம் பட்டாளத்துக்குப் போகத்தான் வேண்டும். அதை நான் குறை சொல்லவில்லை. தலையை மழித்துக்கொண்டு போனான். பயிற்சி தொடங்கிய கொஞ்ச நாளிலேயே தடைச்சுவரிலிருந்து விழுந்தான். இடது முழங்காலில் தசைநார் கிழிந்துவிட்டது.

முகாம் மருத்துவமனையில் ஒரு கேப்டன் என்னை உட்காரவைத்துப் பேசினார். நல்ல மனிதர்.

"மூணு வழி இருக்கும்மா. இங்கயே படுத்துத் தேறி, அடுத்த அணியோட சேர்ந்துக்கலாம். இல்லன்னா வீட்டுக்குப் போய், குணமானதும் வந்து முதல்லேருந்து ஆரம்பிக்கலாம். கால் தேறவே தேறாதுன்னா, மருத்துவக் குழு பாத்து பட்டாளத்துலேருந்தே ஒரேயடியா விலக்கிடும். அந்த நெலமை நம்ம பையனுக்கு வரவேணாம்."

ஹன்சோல் முதல் வழியைத்தான் கேட்டான். "இங்கயே இருந்துக்கறேம்மா. சட்டுனு முடிச்சுட்டா கோஜே கப்பல் பட்டறைக்குப் போயிடலாம். கூட்டாளி ஒருத்தன் எடம் பாத்து வச்சிருக்கான்."

கோஜே, எங்கள் ஊரிலிருந்து நாட்டின் மறுகோடி. அதுவரை அவன் என்னிடம் அதைச் சொன்னதில்லை. கேப்டன் முன்னால் கொஞ்சம் அழுதேன். முகாம் சோற்றில் உடம்பு தேறாது என்றேன். பெற்றவள் அழுதால் யாருக்குத்தான் மனசு இளகாது? ஹன்சோல் என்னைப் பார்த்தான். பிறகு, "சரி, வீட்டுக்கே போறேன்" என்றான்.

வீட்டில் அவனுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மாட்டெலும்பு சூப், அவித்த முட்டை, படுக்க அடியில் கணப்பு ஓடும் சூடான தரை. அதுதான் வினையாகிவிட்டது போலிருக்கிறது; கால் வேகமாகத் தேறியது. காலில் மணல்பை கட்டிக்கொண்டு தூக்கித் தூக்கி இறக்குவான். ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்:

"வீடே முகாம் மாதிரி இருக்கும்மா. அங்கயாவது என்னிக்கு வெளிய விடுவாங்கன்னு தெரியும்."

நான் சிரித்தேன். மறுநாள் மாடிப்படியைக் கழுவினேன். சோப்பு நீரை அலசிவிடவில்லை. மறதி என்றுதான் அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவன் வழுக்கி விழுந்தான், அதே முழங்காலில் அறுவைசிகிச்சை ஆயிற்று. அவனைக் கீழே, சமையலறையை ஒட்டிய அறையில் படுக்கவைத்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம். நிம்மதியாக இருந்தது. பக்கத்துக் கடை மீன்காரிதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ஏண்டி ஹன்சோல் அம்மா, மீசை மொளச்ச பிள்ளைய இன்னும் முதுகுல கட்டிக்கிட்டுத் திரியப்போறியா?" என்றாள்.

கணவாய் மீன் பிடிபடும் பருவத்துக்குள் மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டான். இளம் உடம்பு, என்ன செய்வது. முகாமிலிருந்து அழைப்பும் வந்தது. எல்லைக் காவலில் போட்டுவிட்டால்? பனியில் விறைத்துச் செத்துப்போனால்? நீங்களே சொல்லுங்கள், இதற்கெல்லாம் ஒரு தாய் பயப்படமாட்டாளா? கேப்டன் சொன்னதில், கால் தேறவே தேறாத அந்த மூன்றாவது வழிதான் பாக்கி இருந்தது.

அவன் பிறந்தநாளுக்கு வழக்கம்போல் கடற்பாசி சூப் வைத்தேன். எனக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த தூக்க மாத்திரைகளைப் பொடித்துக் கலந்தேன். இரண்டு கிண்ணம் குடித்தான். "இன்னிக்கு ரொம்ப நல்லாருக்கும்மா" என்றான். அவன் அப்படிச் சொல்லிப் பல நாளாகியிருந்தது. மதியம் அசந்து தூங்கியபின், முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தேன். கிம்ச்சி ஜாடியில் பாரம் வைக்கும் கல்லை எடுத்துவந்தேன். ஒருமுறைதான் போட்டேன். இரண்டாவது தடவைக்கு வேலை இருக்கவில்லை.

மாத்திரை போதவில்லை, அலறிக்கொண்டு எழுந்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தலையை மடியில் வைத்துக்கொண்டேன். கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

இது விழுந்து பட்ட அடி இல்லை என்று அன்றைக்கு அவன் காலைப் பார்த்த டாக்டர் உங்கள் போலீசுக்குத் தகவல் கொடுத்ததில் தப்பில்லை. பட்டாளத்துக்குப் பயந்து அவனே காலை உடைத்துக்கொண்டான் என்று நீங்கள் நினைப்பதுதான் தப்பு. உடைத்தவள் நான். அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் பிடித்துவைத்திருக்கும் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். என்னை நீங்கள் எப்போது விட்டாலும் நான் வந்து அவனைப் பார்த்துக்கொள்வேன்.

என்ன சொல்கிறீர்கள்? தானே உடைத்துக்கொண்டதாக அவனே எழுதிக் கொடுத்துவிட்டானா? அம்மா என்ன சொன்னாலும் நம்பாதீர்கள் என்றானா? சிறைக்கே அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறானா?

என்னைக் காப்பாற்றப் பார்க்கிறான், தம்பி. வேறு எதற்காக ஒரு பிள்ளை வீட்டை விட்டு ஜெயிலைக் கேட்பான்?