வக்கீல் முன்னால் கேட்ட கதை

தஞ்சாவூரிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கோர்ட்டில் சண்டை போடாமல், ஆளுக்கொரு வக்கீலை வைத்துப் பேசியே பிரிவது என்று முடிவெடுத்து, அன்றுதான் வக்கீல் ஆபீஸில் எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார்கள். பேச்சிலிருந்து புரிந்தது.

“இத்தனை வருஷத்துல அங்கதாங்க நான் பேசுறத முழுசா கேட்டீங்க,” என்றாள்.

“குறுக்க பேசக் கூடாதுன்னு வக்கீலம்மா சொல்லிட்டாங்கல்ல.”

“கல்யாணத்துக்கே அவங்கள கூப்பிட்டிருக்கணும்.”

அவர் அறுவடை முடிந்த வயல்களையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“கரு கலைஞ்சப்ப ஆஸ்பத்திரியில நீ தனியா கிடந்தேன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். ஏன் சொல்லல?”

“அன்னைக்கே துபாய்க்குப் போன் பண்ணிச் சொன்னேன். டூட்டியில இருக்கேன், அப்பறம் பேசுறேன்னு வச்சிட்டீங்க. அப்பறம் கூப்பிடவே இல்ல.”

கொஞ்ச தூரம் போனதும், “இன்னொரு தடவை யோசிச்சுப் பாக்கலாமா?” என்றார்.

“உங்ககிட்ட சொல்லணும்னு வச்சிருந்ததெல்லாம் அங்கயே சொல்லித் தீத்துட்டேன். இப்ப உங்க மேல கோவம்கூட இல்லங்க.”

மன்னார்குடியில் முன்னால் ஒரு சீட் காலியானது. அவள் பையை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தாள்.