காலி பாட்டில்

இல்லம்மா, நீ சொல்ற தள்ளுபடியெல்லாம் இருக்கட்டும். கண்ணாடி பாட்டில்லதானே பால் வரும்? நிச்சயமா? அப்போ உள்ள வா. நாற்காலியில துணி கிடக்குது, தள்ளிட்டு உக்காரு. தையல்காரன் வீடு, அப்படித்தான் இருக்கும். ஆள் வந்து எவ்வளவோ நாளாச்சு.

இங்க முன்னாடியும் பாட்டில்லதான் வரும். விடியறப்போ படியில கண்ணாடி உரசுற சத்தம் கேட்டுத்தான் நாங்க எழுந்திரிப்போம். காலி பாட்டிலைக் கழுவி வாசல்ல வைக்கணும். என் வீட்டுக்காரி கழுவுறதைப் பாக்கணுமே! பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கு முகம் துடைச்சு விடுற மாதிரி துடைப்பா. நாளைக்கு ரெண்டு வேணும்னா ஒரு சீட்டைச் சுருட்டி பாட்டில் வாயில சொருகிடுவா. பால்காரர் அதுலயே பதில் எழுதுவார். ஒரு நாள் என்ன எழுதினார் தெரியுமா? அம்மா, இப்படிப் பளபளன்னு கழுவாதீங்க, மத்த வீட்டுப் பாட்டிலைப் பாத்தா எனக்கு எரிச்சலா வருதுன்னு. சிரிச்சுச் சிரிச்சு அவளுக்குப் புரையேறிடுச்சு.

அவரா? முகத்தை நான் சரியாப் பாத்ததுகூட இல்லம்மா. ஆனா ஒரு தடவை நான் வெளியூர் போயிருந்தேன். காலி பாட்டில் வாசல்ல இல்ல. இந்தம்மா மறக்கிற ஆளில்லையேன்னு அந்த மனுஷன் பெல் அடிச்சிருக்கார், கூப்பிட்டிருக்கார், கடைசியில கதவையே உடைச்சுட்டார். உள்ள குளியலறையில இவ விழுந்து கிடக்கா, இடுப்பெலும்பு முறிஞ்சு. அதுக்கப்புறம் பதினாறு வருஷம் என்கூட இருந்தா. எல்லாம் அந்த மனுஷன் புண்ணியம்.

இப்போ போன்ல தட்டினா எல்லாம் வந்துடுது, யார் இல்லேன்னா? வச்சுட்டு, போட்டோ எடுத்துட்டு ஓடிடறாங்க. எதிர் வீடு பூட்டியிருக்கு பாத்தியா? ஒரு டீச்சரம்மா இருந்தாங்க, தனியாத்தான். போன மாசம் அவங்க வாசல்ல ஆறு பொட்டலம் சேந்து கிடந்துது. ஏழாவதைக் கொண்டு வந்தவன் அது மேலயே வச்சு போட்டோ எடுத்துட்டுப் போனான். அவனை எதுக்குச் சொல்லணும்? நானும்தான் தாண்டித் தாண்டிப் போனேன். ஊருக்குப் போயிருப்பாங்கன்னு நினைச்சேன்.

ஆமாம்மா. உள்ளதான் இருந்தாங்க.

அன்னிலேருந்து எனக்கு பயமா இருக்கு. சொல்றதுக்கு என்ன வெக்கம்?

சரி, எழுதிக்கோ. தினமும் ஒரு பாட்டில், சின்னது போதும். ஞாயித்துக்கிழமைகூட விடக்கூடாது. குறிப்புன்னு ஏதாவது கட்டம் இருக்கா அதுல? அங்க போடு. காலி பாட்டில் வாசல்ல இல்லேன்னா பெல் அடிக்கணும். போட்டோ எடுத்துட்டுப் போயிடக் கூடாது. கதவையெல்லாம் உடைக்க வேண்டாம், சாவி மிதியடிக்கு அடியில இருக்கும்.

காபிக்கா? அட, எனக்குப் பால் ஒத்துக்காதும்மா. குடிச்சே பல வருஷமாச்சு. கீழ ஒரு பூனை சுத்துது, அதுக்கு ஊத்திடறேன். பாட்டிலை மட்டும் நல்லாக் கழுவி வச்சிடுவேன்.