திரும்பிச் சேர்க்கினமாம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, லண்டன் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போகும் ரயிலில் எனக்கெதிரே இருவர் இருந்தார்கள். எனக்கு ரக்பி தெரியாது. ஆனாலும் காது அங்கேயே போனது. இளையவர் பேப்பரை மடித்தார்.

"அண்ணை, பதினைஞ்சு பேர் ரக்பியை விட்டிட்டுக் காசுக்காகப் பதின்மூண்டு பேர் ரக்பிக்குப் போனவங்களை இனித் திரும்பிச் சேர்க்கினமாம்."

"முந்தி அப்பிடிப் போனவனைக் கிளப் வாசலிலயும் நிக்க விடமாட்டினம்."

"எண்பத்திமூண்டு கலவரத்தில நீங்கள் விட்டிட்டு வந்த கொழும்புக் கிளப் இப்ப கூப்பிட்டா?"

மூத்தவர் முழங்காலைத் தடவினார்.

"அப்ப நான் பந்தோட ஓடினா ஒருத்தராலயும் பிடிக்க ஏலாது."

"இப்ப?"

ஆர்ச்வே வந்தது. அவர் கம்பியைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

"தண்ணிப் போத்தல் தூக்கவெண்டாலும் போவன் தம்பி."